குளிர்பதனப் பெட்டியின் இடவமைவும் காற்றோட்டமும்

குளிர்பதனப் பெட்டியின் இடவமைவு என்பது வீடு, கடை, மருத்துவ நிலையம் ஆகியவற்றில் குளிர்பதனப் பெட்டியை (பேச்சு வழக்கில் பிரிட்ஜ்) எந்த இடத்தில், சுவரிலிருந்து எவ்வளவு இடைவெளி விட்டு, எத்தகைய காற்றோட்டத்துடன் வைப்பது என்பதைக் குறிக்கும். குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அது தன்னுள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடும் ஒரு கருவியே ஆகும். வெளியே விடப்பட்ட வெப்பம் அகன்று செல்ல வழியில்லாவிடின் உள்ளே குளிர்ச்சி குறையும், பெட்டி ஓயாது ஓடும், மின்கட்டணம் கூடும். இவற்றை விடக் கவலைக்குரியது, கதவைத் திறந்தால் சில்லென்று காற்று வரும் ஒரு பெட்டிக்குள் உணவும் மருந்தும் வெளியே தெரியாமல் கெடுவதாகும்.

இடவமைவின் தேவை ஊருக்கு ஊர் மாறுபடும். இக்கட்டுரையில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள களியக்காவிளையும் அதனை அடுத்த கடற்கரைப் பகுதிகளும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. கடும் வெயிலை விட, ஆண்டு முழுவதும் நிலவும் ஈரப்பதமே அங்கு குளிர்பதனப் பெட்டிக்குப் பெரிய சுமையாக உள்ளது.

வெப்பம் வெளியேறும் விதம்

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அமுக்கி (கம்ப்ரசர்), ஒடுக்கி (கண்டன்சர்), நுண்குழாய், ஆவியாக்கி என நான்கு முதன்மையான பாகங்கள் உள்ளன. இவற்றின் வழியாகக் குளிரூட்டி எனப்படும் பாய்மம் சுற்றி வருகிறது. ஆவியாக்கியில் குளிரூட்டி கொதித்து ஆவியாகும்போது பெட்டியின் உட்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அமுக்கி அந்த ஆவியை அழுத்தி, அதன் வெப்பநிலையை அறையின் வெப்பநிலையை விட உயர்த்துகிறது. ஒடுக்கிச் சுருளில் அந்த ஆவி தன் வெப்பத்தை அறைக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் நீர்மமாகிறது. பின்னர் நுண்குழாயில் அழுத்தம் குறைந்து ஆவியாக்கிக்குத் திரும்புகிறது.

இச்சுற்றில் ஒடுக்கி வெளிவிடும் வெப்பம், உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை விட எப்போதும் அதிகம். அமுக்கி செலவிட்ட மின்னாற்றலும் வெப்பமாக மாறி அதனுடன் சேர்ந்துகொள்வதே காரணம். குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்க இயலாது என்பதற்கும் இதுவே காரணம். அவ்வாறு செய்தால் அறை மெல்லச் சூடாகும்.

ஒடுக்கி வெப்பத்தைக் கைவிடுவது பெரும்பாலும் வெப்பச்சலனத்தினால் ஆகும். சுருளைத் தொட்ட காற்று சூடாகி, இலேசாகி மேலே எழுகிறது. கீழிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்புகிறது. பெட்டிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெளி ஒரு புகைபோக்கி போலச் செயற்படுகிறது எனலாம். புகைபோக்கிக்குக் கீழே ஒரு வாயும் மேலே ஒரு வாயும் தேவை. பின்புறம் போதிய இடைவெளி விட்டுவிட்டு, பெட்டிக்கு மேலே பரண் பலகையை ஒட்டி அமைத்தால் மேல்வாய் அடைபட்டுவிடும். இடைவெளி விட்டும் பெட்டி குளிரவில்லை என்ற குறைபாட்டுக்குப் பல இடங்களில் இதுவே காரணமாக உள்ளது.

வெப்பம் தேங்குவதால் நேரும் இழப்பை ஒரு கணக்கினால் அறியலாம். பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824 இல் வெளியிட்ட கருத்துகளின் அடிப்படையில், குளிரூட்டும் பொறி ஒன்று அடையக்கூடிய மிகுதியான செயல்திறனை இரு வெப்பநிலைகளைக் கொண்டே கணிக்க முடியும். ஆவியாக்கி -20 பாகை செல்சியசிலும் (253 கெல்வின்) ஒடுக்கி 45 பாகையிலும் (318 கெல்வின்) இருப்பதாகக் கொண்டால், செயல்திறன் எண் 253ஐ 65ஆல் வகுக்கக் கிடைக்கும் 3.9 ஆகும். காற்று தேங்கி ஒடுக்கி 60 பாகைக்கு ஏறினால், அதே 253ஐ 80ஆல் வகுக்க வேண்டும், விடை 3.2. அதாவது அதே அளவு குளிர்ச்சிக்கு 23 விழுக்காடு கூடுதல் வேலை தேவைப்படும். உண்மையான பெட்டிகள் இந்த எல்லைக்கு வெகு கீழே இயங்குபவை. எனினும் இழப்பின் போக்கு இதுவே.

ஒடுக்கி இருக்கும் இடம்

இந்தியாவில் 1958 ஆம் ஆண்டில் கோத்ரெசு நிறுவனம் உள்நாட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பின்னர் பல பத்தாண்டுகளுக்கு, பெட்டியின் முதுகில் கறுப்பு நிறக் கம்பிவலை போன்ற சுருள் வெளியே தெரிந்தது. தொட்டால் சுடும் அச்சுருளைப் பார்த்தவர்கள், அதற்குக் காற்று வேண்டும் என்பதைத் தாமே உணர்ந்து பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தனர்.

இப்போது விற்பனையாகும் பெட்டிகள் பலவற்றின் முதுகு தட்டையாக உள்ளது. சுருள் மறைந்துவிடவில்லை, அது பக்கச் சுவர்களின் உலோகத் தகட்டுக்கு உட்புறமாக ஒட்டப்பட்டுள்ளது. இத்தகைய பெட்டிகளில் இரு பக்கங்களும் சூடாக இருப்பது இயல்பே ஆகும். புதிதாக வாங்கியவர்கள் பக்கங்கள் சுடுவதைக் கண்டு பழுது என்று அஞ்சுவதுண்டு. அச்சம் தேவையில்லை, ஆனால் பக்கங்களைச் சுவரோடு சேர்த்து வைப்பது தவறு. முதுகில் சுருள் இல்லாததால் இனி எப்படியும் ஒட்டி வைக்கலாம் என்று கருதுவோர், முன்பு காலியாக விட்ட பக்க இடைவெளியையும் அடைத்துவிடுகின்றனர். பெரிய கொள்ளளவு கொண்ட சில பெட்டிகளில் ஒடுக்கி அடிப்பகுதியில் சிறு விசிறியுடன் அமைந்திருக்கும். அவற்றில் கீழ்ப்புற வலைத்துளைகளைத் தூசியும் முடியும் அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பது முதற்கடமை.

ஒடுக்கி எங்கு உள்ளது என்பதை அறிய எளிய வழி, பெட்டி அரை மணி நேரம் ஓடிய பின் முதுகையும் பக்கங்களையும் கையால் தொட்டுப் பார்ப்பதே. சூடு தெரியும் பக்கமே காற்று வேண்டும் பக்கம்.

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் பிரிட்ஜ் உறையை இங்கு குறிப்பிட வேண்டும். மேற்பரப்பில் கீறல் விழாமல் இருக்கவும், இரு பக்கப் பைகளில் மருந்துச் சீட்டு, மின்கட்டண அட்டை போன்றவற்றை வைக்கவும் இது பயன்படுகிறது. மேற்புறம் மட்டும் மூடும் மெல்லிய உறையினால் பெரிய தீங்கில்லை. பக்கங்களில் ஒடுக்கி உள்ள பெட்டிக்கு இரு பக்கமும் தொங்கும் தடித்த உறையைப் போடுவது, வேலை செய்துகொண்டிருப்பவருக்குக் கம்பளி போர்த்துவதைப் போன்றது.

இடைவெளியின் அளவு

எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தும் ஒரே அளவு இல்லை. உற்பத்தியாளர் தரும் கையேட்டில் உள்ள அளவே முதன்மையானது. கையேடு கைவசம் இல்லாதபோது பின்புறம் 10 செ.மீ., பக்கங்களில் 5 முதல் 10 செ.மீ., மேலே 30 செ.மீ. என்ற அளவு பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளுக்குப் போதுமானது. கதவு முழுமையாகத் திறந்து உள் இழுப்பறைகளை வெளியே எடுக்கவும் இடம் வேண்டும்.

கற்காரைக் கூரை வீடுகளில் சமையலறை அல்லது கூடத்தின் சுவரில் குளிர்பதனப் பெட்டிக்கெனத் தனி மாடம் கட்டும் வழக்கம் பரவியுள்ளது. மாடம் கட்டும்போது வீட்டில் இருக்கும் பெட்டியின் அளவையே கொத்தனாரும் தச்சரும் கணக்கில் எடுப்பர். பத்தாண்டுகள் கழித்துப் பெரிய பெட்டி வாங்கும்போது அது மாடத்துக்குள் நுழைகிறதா என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது. நுழைந்தால் போதும் என்ற இந்த நிலையில் மூன்று பக்கமும் சுவர், மேலே பரண், முன்னே கதவு என்றாகி, சூடான காற்று சிறைப்படுகிறது. மாடம் கட்டுவோர் தற்போதைய பெட்டியை விட ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக விடுவது நல்லது. ஏற்கனவே கட்டப்பட்டதாயின், பரணின் பின்விளிம்பில் ஒரு நீள்துளை வெட்டிச் சூடான காற்றுக்கு வழி செய்யலாம். அல்லது பெட்டியை மாடத்திலிருந்து சற்று முன்னே இழுத்து வைக்கலாம். முன்னே நீட்டிக்கொண்டிருப்பது பார்வைக்கு அழகாக இராது என்பது உண்மையே.

அடுப்புக்கு அருகிலும், பிற்பகல் வெயில் நேராக விழும் மேற்குச் சன்னலுக்கு எதிரிலும் பெட்டியை வைத்தலாகாது. வெப்பம் உள்ளே புகுவதும், வெளியே செல்ல மறுப்பதும் அங்கு ஒருங்கே நிகழும். காற்றுப் புகாத சிறு பண்டக அறையும் ஏற்றதன்று. பெட்டி வெளிவிட்ட வெப்பம் அங்கேயே தங்கி, சில மணி நேரத்தில் அறையையே சூடாக்கிவிடும். சமையலறை நெருக்கடியாக இருந்தால் கூடத்தில் வைப்பதே மேல்.

பெட்டியின் பின்னாலோ உட்புறத்திலோ உள்ள தகட்டில் தட்பவெப்ப வகுப்பு குறிக்கப்பட்டிருக்கும். பன்னாட்டுத் தரத்தின்படி எஸ்என் வகுப்பு 10 முதல் 32 பாகை வரையும், என் வகுப்பு 16 முதல் 32 வரையும், எஸ்டி வகுப்பு 16 முதல் 38 வரையும், டி வகுப்பு 16 முதல் 43 வரையும் உள்ள சுற்றுப்புற வெப்பநிலையில் இயங்க வடிவமைக்கப்பட்டவை. இந்த எண்கள் பெட்டியைச் சுற்றியுள்ள காற்றைக் குறிக்கின்றன. ஊரின் வெப்பநிலையை அல்ல. வெளியே 33 பாகையாக இருக்கும் நாளில் அடைபட்ட மாடத்துக்குள் 43ஐத் தாண்டுவது அரிதன்று. அப்போது டி வகுப்புப் பெட்டியும் தன் எல்லைக்கு வெளியே இயங்குகிறது.

களியக்காவிளைப் பகுதியின் ஈரப்பதம்

களியக்காவிளை, விளவங்கோடு வட்டத்தில் தமிழ்நாடு - கேரள எல்லையில், கன்னியாகுமரியையும் திருவனந்தபுரத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 66இல் அமைந்துள்ள பேரூராகும். திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த விளவங்கோடு வட்டம், 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களுடன் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மலையாள வழக்கில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி - கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பகுதி இது. வேலூர், திருச்சிராப்பள்ளி போன்ற உள்நாட்டு ஊர்களின் கோடை வெப்பம் இங்கு இல்லை. ஆதலால் குளிர்பதனப் பெட்டிக்கு இது இதமான ஊர் என்று தோன்றலாம். ஈரப்பதத்தைக் கணக்கில் எடுத்தால் அவ்வாறு கூற இயலாது.

ஒரு மழைநாளில் வெப்பநிலை 30 பாகை, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு எனக் கொள்வோம். அக்காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 4 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 6 கிராமுக்குச் சற்று அதிகம். ஆகவே பெட்டிக்குள் புகும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் சுமார் 18 கிராம் நீரை உள்ளே விட்டுவிடுகிறது. வேலூரில் மே மாத நண்பகலில் 40 பாகை, 20 விழுக்காடு ஈரப்பதம் எனக் கொண்டால், அதே கணக்கில் 4 கிராம் அளவே படியும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரமான ஊரின் பெட்டிக்கு நான்கு மடங்குக்கும் மேற்பட்ட நீர் சேர்கிறது. நீராவி நீராகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் கிராமுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். அந்த வெப்பமும் ஒடுக்கி வழியாகவே வெளியேற வேண்டும்.

பழைய நேரடிக் குளிர்விப்பு வகைப் பெட்டிகளில் இந்நீர் உறைபனியாக ஆவியாக்கியின் மேல் படிகிறது. பனிப்படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்த பனி, ஆவியாக்கிக்குப் போட்ட போர்வையாகிவிடும். வேலூரில் மாதம் ஒரு முறை பனியுருக்கினால் போதும் என்ற பெட்டிக்கு, களியக்காவிளையில் மழைக்காலத்தில் அடிக்கடி பனியுருக்க வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் பெட்டியின் வெளிப்புறத்திலும் கதவு விளிம்பிலும் நீர்த்துளிகள் அரும்புவதைக் காணலாம். மேற்கூறிய காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 பாகை; அதை விடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். இதைத் தவிர்க்கவே பல பெட்டிகளில் ஒடுக்கியின் சூடான குழாய் ஒன்று கதவுச் சட்டத்தைச் சுற்றி ஓடுமாறு அமைக்கப்படுகிறது. துளிகள் அவ்வப்போது தோன்றுவது பழுது அன்று. ஒரே இடத்தில் தொடர்ந்து வழிந்தால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கக்கூடும். காற்று அசையாத மூலையில் வைத்த பெட்டிக்குப் பின்னால் சுவர் பூஞ்சணம் பிடிப்பதும் இதனாலேயே ஆகும். இடைவெளி விடுவது சுவருக்கும் நன்மை.

களியக்காவிளைக்குத் தெற்கே நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய கடற்கரைச் சிற்றூர்கள் தொடராக அமைந்துள்ளன. அலைத்துளிகளிலிருந்து எழும் உப்பைச் சுமந்த காற்று இங்கு வெளித்தெரியும் இரும்புச் சுருள்களையும் பற்றவைத்த இணைப்புகளையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவினால் நுண்துளை விழுந்தால் குளிரூட்டி கசிந்துவிடும். காற்றோட்டம் வேண்டும் என்பதற்காகக் கடல் நோக்கிய சன்னலின் கீழ் பெட்டியை வைப்பது இவ்வூர்களில் பொருந்தாது. அறைக்குள் காற்று உலவும் உட்சுவரே தக்க இடம்.

மீனும் வெப்பநிலையும்

களியக்காவிளை மீன் சந்தை இரு மாநில வணிகர்களும் கூடும் இடமாகும். அப்பகுதி வீடுகளின் அன்றாட உணவில் சாளை, அயிலை, சூரை ஆகியவை முதன்மையான இடம் பெறுகின்றன. இம்மூன்றும் தசையில் இசுட்டிடின் என்னும் அமினோ அமிலத்தை மிகுதியாகக் கொண்டவை. மீன் போதிய குளிர்ச்சியில் இல்லாவிடில் சில வகை நுண்ணுயிரிகள் அதனை இசுட்டமினாக மாற்றுகின்றன. இசுட்டமின் மிகுந்த மீனை உண்டவர்க்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், தலைவலி, தோல் தடிப்பு, படபடப்பு, வயிற்றுப்போக்கு முதலியன தோன்றும். மீன் ஒவ்வாமை என்று இது தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

இசுட்டமின் சமைப்பதால் அழியாது. குழம்பைக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும், ஏற்கனவே உருவானது அப்படியே இருக்கும். மணத்தைக் கொண்டு அறிவதும் உறுதியன்று. எனவே பாதுகாப்பு முழுவதும் வெப்பநிலையைச் சார்ந்தது. பிடித்தது முதல் சமைக்கும் வரை மீன் 4 பாகைக்குக் கீழே, கூடுமானவரை பனிக்கட்டியின் வெப்பநிலைக்கு அருகில் இருத்தல் வேண்டும். மாடத்தில் அடைபட்டு மூச்சுத் திணறும் பெட்டி 9 அல்லது 10 பாகையில் நின்றுவிடுமானால், தண்ணீர்ப் புட்டியைத் தொட்டவருக்கு அது குளிர்ந்ததாகவே தோன்றும். முந்தைய நாள் வாங்கிய சூரைக்கு அக்குளிர்ச்சி போதாது. வீட்டில் காற்றோட்டத்தின் பொருட்டு எடுக்கும் சிறு முயற்சி மிகுந்த பயன் தருவது இங்குதான் எனலாம்.

தடுப்பூசியும் இன்சுலினும்

குளிர்பதனப் பெட்டியின் இடவமைவை விதியாக எழுதிக் கடைப்பிடிக்கும் துறை பொதுச் சுகாதாரத் துறையாகும். இந்தியாவில் 1985 இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பனிக்கட்டி உள்ளணி கொண்ட குளிர்பதனப் பெட்டிகள் பயன்படுகின்றன. பணியாளர்கள் இதனை ஐ.எல்.ஆர். என்பர். இப்பெட்டி நேரடி வெயில் படாத குளிர்ந்த அறையில், சுவரிலிருந்தும் அடுத்த கருவியிலிருந்தும் குறைந்தது 10 செ.மீ. தள்ளி, சமதளத்தில் இருக்க வேண்டும் என்பது குளிர் சங்கிலிப் பணியாளர்களுக்கான அறிவுறுத்தல். உள்வெப்பநிலை 2 முதல் 8 பாகைக்குள் உள்ளதா என்று நாளுக்கு இரு முறை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். கதவு மேற்புறமாகத் திறக்கும். குளிர்ந்த காற்று கனமானதால் திறக்கும்போது வெளியே கொட்டிவிடாமல் உள்ளேயே தங்குகிறது. நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே வெப்பநிலையைக் காக்கும் வகையில் இது வடிவமைக்கப்பட்டுள்ளது.

இங்கு இரு புறமும் ஆபத்து உண்டு. வாய்வழிப் போலியோ மருந்து வெப்பத்தால் வலுவிழக்கும். கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி, ஐந்தினைத் தடுப்பூசி போன்றவை உறைந்தால் பயனற்றுப் போகும்.

வீட்டில் இன்சுலின் வைத்திருப்போருக்கும் இதே 2 முதல் 8 பாகை எல்லை பொருந்தும். திறக்காத இன்சுலினை உறைபெட்டியிலோ, அதன் அடிப்புறத்தை ஒட்டியோ, குளிர்காற்று வரும் துளைக்கு எதிரிலோ வைக்கக்கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. கதவுத் தட்டு அடிக்கடி வெப்பக் காற்றைச் சந்திப்பதால் அதுவும் ஏற்ற இடமன்று, நடுத்தட்டே நல்லது.

பெட்டிக்கு உள்ளே காற்றோட்டம்

வெளியே போன்றே உள்ளேயும் காற்று சுற்றி வர வேண்டும். பனி படியாத வகைப் பெட்டிகளில் ஆவியாக்கி மறைவாக அமைந்து, ஒரு விசிறி குளிர்ந்த காற்றைத் துளைகள் வழியாக ஊதுகிறது. அத்துளைகளை மாவுச் சட்டியோ கறிவேப்பிலைப் பையோ மறைத்தால் மேல்தட்டு உறையும், கீழ்த்தட்டு வெதுவெதுப்பாகும். தட்டுகளின் மேல் நாளிதழ் விரிப்பதும் இத்தகையதே. சூடான குழம்பை அப்படியே உள்ளே வைத்தல் கூடாது. ஆனால் ஆற வைக்கிறோம் என்று இரவு முழுவதும் வெளியே விடுவது அதனினும் தீது. அகன்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் விரைவில் ஆறும்.

மின்சாரம்

எரிசக்தித் திறன் செயலகம் 2006 இல் நட்சத்திரக் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. பனி படியாத வகைப் பெட்டிகளுக்கு 2010 முதல் இது கட்டாயமாயிற்று. குறியீட்டில் உள்ள ஆண்டு மின்நுகர்வு, ஆய்வுக்கூடத்தில் வரையறுத்த இடைவெளியுடன் அளந்ததாகும். ஐந்து நட்சத்திரப் பெட்டியை அடைத்து வைத்தால் அக்கணக்கு பொய்த்துவிடும். நாளொன்றுக்கு 1 அலகு எடுக்கும் பெட்டி, முன்னர் கண்ட 23 விழுக்காட்டைக் கூடுதலாக எடுத்தால், இரு மாதங்களில் 14 அலகு அளவு மிகும். பயன்பாடு ஏறஏற அலகின் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணத்தில், எல்லையில் நிற்கும் வீட்டை இந்த 14 அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாது போயிற்று. மின்சாரம் நின்றபின் கதவைத் திறவாவிடின் குளிர்ப்பகுதி ஏறத்தாழ 4 மணி நேரமும், நிரம்பிய உறைபெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். அதன்பின் மீன், இறைச்சி, பால் ஆகியவற்றைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்தல் ஆபத்தானது. மின்சாரம் திரும்பியவுடன் அமுக்கி உடனே இயங்காமல் 3 முதல் 5 நிமிடம் பொறுப்பது நல்லது; குழாய்களில் அழுத்தம் சமமாக அந்நேரம் தேவை.

எரியும் தன்மையுள்ள குளிரூட்டி

ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-12 குளிரூட்டி, 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வந்தவற்றுள் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் இன்று வீட்டுப் பெட்டிகளில் பரவலாக உள்ளது. இது சூழலுக்கு மிகக் குறைந்த தீங்கே விளைவிக்கும், ஆனால் எரியக்கூடியது. ஒரு பெட்டியில் இருக்கும் அளவு சில பத்து கிராம் மட்டுமே. காற்றை விடக் கனமான இவ்வளிமம் கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். காற்று உலவும் இடத்தில் அது விரைவில் கலைந்துவிடும். மூடிய மாடத்தில் தேங்கும். உறைபனியைக் கத்தியால் குத்தி எடுப்பது, குழாயில் துளையிட்டு இவ்வளிமத்தை வெளியேற்றக்கூடும் என்பதால் எவ்வகையிலும் தவிர்க்கத்தக்கது.

பழுதா, இடமா

பெட்டி குளிரவில்லை எனில் கேஸ் குறைந்துவிட்டது என்ற கருத்து உடனே எழுவது வழக்கம். குளிரூட்டி எரிபொருளைப் போலச் செலவாவதில்லை. முழுவதும் மூடிய சுற்றில் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். கசிவு இருந்தாலன்றிக் குறையாது. கசிவைக் கண்டறிந்து அடைக்காமல் மீண்டும் நிரப்பினால் சில மாதங்களில் பழைய நிலையே திரும்பும். ஆகவே பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன் இடத்தைச் சோதிப்பது செலவைக் குறைக்கும்.

ஒரு கண்ணாடிக் குவளை நீரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் வைத்து, இரவு கழிந்து காலையில் கதவைத் திறந்தவுடன் பார்க்க வேண்டும். 5 பாகைக்கு மேல் காட்டினால், மின்செருகியைக் கழற்றிவிட்டு ஒடுக்கியின் தூசியை மென்மையான தூரிகையால் நீக்கி, பெட்டியை எல்லாப் பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருக்குமாறு நகர்த்தி, உறையையும் மேலே அடுக்கியவற்றையும் எடுத்துவிட வேண்டும். கதவு விளிம்பில் ஒரு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் பொருந்தவில்லை. மறுநாள் காலை அதே குவளையில் மீண்டும் அளக்க வேண்டும். வெப்பநிலை இறங்கியிருந்தால் குறை இடத்தில் இருந்தது. இறங்காமல், அமுக்கி ஓடியும் ஒடுக்கியில் சூடே தெரியாதிருந்தால், குளிரூட்டி கசிந்தோ அமுக்கி பழுதுற்றோ இருக்கலாம்; அப்போதுதான் பழுதுபார்ப்பவரின் வேலை தொடங்குகிறது.